கிட்டாரைப் பாடிய கூட்டம்

ராக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகரோடு சேர்ந்து பாடுவது உலகம் முழுக்க நடப்பதுதான். அயர்ன் மெய்டன் கச்சேரிகளில் கூடுதலாக ஒன்று நடக்கும். கிட்டார் வாசிக்கிற மெட்டையும் கூட்டம் பாடும். அதற்குச் சொற்கள் கிடையாது. 'ஓ… ஓ…' என்ற வெறும் குரல்தான். 1992இல் வெளிவந்த 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டில், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே கிட்டாரிலிருந்து ஒரு மெட்டு எழும். அடுத்த நொடியே மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் அதைத் தங்கள் தொண்டையில் வாங்கிக்கொள்வார்கள். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் 'ராக் இன் ரியோ' விழாவில் சுமார் 2,50,000 பேர் அப்படிப் பாடியதை அந்தக் குழு இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறது. அந்தப் பதிவில் கிட்டாரைவிடக் கூட்டம்தான் உரக்கக் கேட்கும்.

எனக்கு அந்தக் குழுவும் அதன் கூட்டமும் ஒன்றாகத்தான் அறிமுகமாயின. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பெரம்பூரில் எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன் ஒரு கேசட்டில் பதிவு செய்து தந்தது 'லைவ் ஆஃப்டர் டெத்'. 1984, 85இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் ஓடியனிலும் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கிலும் நடந்த கச்சேரிகளின் தொகுப்பு அது. பாட்டுக்குப் பாட்டு பாடகர் புரூஸ் டிக்கின்சன் அந்த ஊரின் பெயரைச் சொல்லி, எனக்காகக் கத்துங்கள் என்று கேட்பார். உடனே கடலலை போன்ற ஓசை எழும். எந்த இடத்தில் அது எழும், எந்த இடத்தில் அடங்கும், எந்த வரிக்கு எல்லாரும் ஒரே குரலாகச் சேர்வார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பின்னால் ஸ்டுடியோவில் பதிவான அதே பாட்டுகளைக் கேட்டபோது ஏதோ ஒரு வாத்தியத்தை எடுத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. இல்லாமல் போனது அந்தக் கூட்டம்தான்.

இந்தக் குழுவின் இயல்பே அப்படிப்பட்டது. ஸ்டீவ் ஹாரிஸ் 1975 கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில் இதைத் தொடங்கினார். அவர் வாசிப்பது பேஸ் கிட்டார். பெரும்பாலான குழுக்களில் பின்னால் நின்று தாங்கிப்பிடிக்கிற அந்த வாத்தியம், இங்கே குதிரை ஓட்டத்தின் தாளத்தில் முன்னால் பாயும். அதன் மேல் இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டைச் சற்று வேறுபட்ட சுரங்களில் இணைந்து வாசிக்கும். ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வருகிற மெட்டுகள் அவை. வானொலிகள் இந்தப் பாட்டுகளை அதிகம் ஒலிபரப்பியதில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் இவர்கள் ரசிகர்களைச் சேர்த்தார்கள். ஆகவே பாட்டை எழுதும்போதே கூட்டத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. டிக்கின்சன் 1981இல் சேர்ந்து 1993இல் விலகினார். 1999இல் அவர் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தோடு திரும்பி வந்ததிலிருந்து மேடையில் மூன்று கிட்டார்கள். கூட்டம் பாடுவதற்கான மெட்டுகளும் கூடின.

சென்னையில் 90களில் இந்த இசையைக் கேட்பது தனிமையான ஒரு காரியம். வீட்டில் யாருக்கும் பிடிக்காது. 'சத்தத்தைக் குறைடா' என்ற அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். வாக்மேனும் ஹெட்ஃபோனும் கைக்கு வந்தபிறகு சண்டை தீர்ந்தது, தனிமை கூடியது. அலகாபாத்திலிருந்து வந்த 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழைக் கைமாற்றிப் படிப்போம். ஸ்பென்சர் பிளாசாவின் மியூசிக் வேர்ல்டு கடையில் வாங்கக் காசில்லாமல் அட்டைகளை மட்டும் புரட்டிப் பார்ப்போம். ஐஐடியின் சாரங் விழாவில், ராக் இசை இரவன்று, எட்டியின் படம் போட்ட கறுப்புச் சட்டைக்காரர் யாராவது எதிர்ப்பட்டால் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் தலையசைத்துக்கொள்வோம். எட்டி என்பது டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் வரைந்த, எலும்பும் தோலுமான உருவம். அயர்ன் மெய்டனின் எல்லா இசைத்தட்டுகளின் அட்டையிலும் ஏதோ ஒரு வேடத்தில் அது இருக்கும். எங்களுக்கு அதுதான் அடையாள அட்டை. அந்தத் தலையசைப்புக்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை. எந்தப் பாட்டை எந்த இடத்தில் கத்திப் பாட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் சேர்ந்து பாட ஓர் இடம் இல்லை.

2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்ததிலிருந்து அந்த ஊர்மேல் எங்கள் எல்லாருக்கும் ஒரு கண் இருந்தது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை, அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசிக்கப்போகிறது என்று உறுதியானபோது, என் நண்பனும் நானும் முதலில் நம்பவில்லை. பிறகு டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம்.

முந்தைய நாள் இரவு பெங்களூர் மெயிலில் எங்கள் பெட்டியில் கறுப்புச் சட்டைகளாகவே இருந்தன. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, பெங்களூர்ல கழக மாநாடா?"

"இல்லீங்க ஐயா, பாட்டுக் கச்சேரி."

"பாட்டு கேக்கவா இத்தனை பேரு போறீங்க?"

"ஆமாங்க ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரொம்பப் பெரிய வித்வானாத்தான் இருக்கணும். பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார். அந்த ஆசீர்வாதத்தை நாங்கள் மனதார ஏற்றுக்கொண்டோம்.

மைதானத்தின் வாசலில் மதியத்திலிருந்தே வரிசை. வெயில் கடுமையாக இருந்தது. யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. எங்களுக்கு முன்னால் கோஹிமாவிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் நின்றார்கள். ரயிலில் இந்தியாவைக் குறுக்காகக் கடந்து வந்திருந்தார்கள். பின்னால் கொச்சியிலிருந்து ஒரு கூட்டம். கொல்கத்தாவிலிருந்து வந்தவர் ஒருவர் தன் பத்து வயது மகனைத் தோளில் உட்காரவைத்திருந்தார். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. யாரோ ஒருவர் 'மெய்டன்!' என்று குரல் கொடுத்தால் வரிசை முழுக்க அது ஓடி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று கிடைத்தால் ஆளுக்கொரு மடக்காகப் பல கைகள் தாண்டிப் போனது. சென்னையில் இத்தனை ஆண்டுகள் ஒரு தலையசைப்போடு நின்றுபோனது, அந்த வரிசையில் சில மணி நேரத்தில் உறவாகிவிட்டது.

மாலையில் தில்லியின் பரிக்ரமா குழு முதலில் வாசித்தது. பிறகு ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். கூட்டம் இருவரையும் அன்போடு வரவேற்றது, ஆனால் தன் குரலைச் சேர்த்துவைத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். பிறகு மேடை இருண்டு, ஒலிபெருக்கியில் 'டாக்டர் டாக்டர்' ஒலித்தது. யுஎஃப்ஓ என்ற பிரிட்டிஷ் குழு 1974இல் வெளியிட்ட பாட்டு அது. அயர்ன் மெய்டன் மேடையேறுவதற்கு முன்பு அதைப் போடுவது வழக்கம். இதை எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை. முதல் சுரம் கேட்டதுமே மைதானம் மொத்தமும் ஆர்ப்பரித்தது. இன்னும் ஒரு வாத்தியம்கூட மேடையில் ஒலிக்கவில்லை. வேறொரு குழுவின் பாட்டு, அதுவும் பதிவு செய்யப்பட்ட ஒன்று, அதற்கே பக்கத்தில் இருந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பின் 'டிஃபரென்ட் வேர்ல்ட்' வெடித்தது. முந்தைய ஆண்டு வெளிவந்த புதிய தொகுப்பின் முதல் பாட்டு. பழம்பெரும் குழுக்களின் கச்சேரிகளில் புதிய பாட்டு வந்தால் கூட்டம் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பார்கள். அன்று அப்படி நடக்கவில்லை. புதியதும் எல்லாருக்கும் வரிக்கு வரி தெரிந்திருந்தது. மேடையில் ஓடியவர்களில் யாரும் இளைஞர் இல்லை. ஹாரிஸுக்கு அந்த வாரம்தான் 51 வயது நிறைந்திருந்தது. டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரைனுக்கு 54. டிக்கின்சன் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினார், தாவினார், ஓட்டத்தின் நடுவே உச்சஸ்தாயியைப் பிடித்து நிறுத்தினார். ஹாரிஸ் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் ஒரு காலை ஊன்றி, பேஸ் கிட்டாரைக் கூட்டத்தை நோக்கி நீட்டி, பாட்டின் ஒவ்வொரு வரியையும் தானும் வாயசைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய வரிகளைத்தான் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். பாடலாசிரியரும் ரசிகர்களும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லை உச்சரித்தோம். இதைவிட எளிமையாக ஒரு கலைஞர் தன் ரசிகர்களோடு சேர்ந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றியது.

'த ட்ரூப்பர்' பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1854இல் கிரிமியப் போரின் பாலக்லாவா சண்டையில், தவறான ஓர் ஆணையால் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் குதிரைப்படை வீரனின் பாட்டு. அதற்குச் சிவப்பு ராணுவக் கோட்டு போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை வீசுவது டிக்கின்சனின் நெடுநாள் வழக்கம். அந்தக் கொடியின் கீழ் இருந்த நாட்டில் பிறந்துவிட்டு இதற்கெல்லாம் கைதட்டலாமா என்று பின்னால் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பாட்டு வெற்றி பெற்ற தளபதியைப் பாடவில்லை. மேலிடத்தில் இருப்பவர்களின் பிழைக்காகச் செத்துப்போகும் சாதாரணச் சிப்பாயைப் பாடுகிறது. அதன் பல்லவியும் சொற்கள் இல்லாத ஓங்காரம்தான். கோஹிமாக்காரர்களும் நாங்களும் தோளோடு தோள் நின்று அதைப் பாடியபோது, அந்தக் கொடியை விடப் பாட்டு பெரியதாக இருந்தது. இன்றும் என் பதில் அதுதான்.

பிறகு 'ஃபியர் ஆஃப் த டார்க்' வந்தது.

முதல் சுரத்துக்கே அத்தனை கைகளும் மேலே போயின. கிட்டார் அந்த மெட்டை எடுத்தது, நாங்கள் தொடங்கினோம். கேசட்டிலும் இசைத்தட்டிலும் வெளியே நின்று கேட்ட அந்தக் குரலுக்குள் நான் இருந்தேன். உள்ளே இருக்கும்போது ஒருவருக்குத் தன் குரல் காதில் விழாது. நெஞ்சு அதிர்வதை வைத்துத்தான் தானும் பாடுகிறோம் என்று தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஓசை. டிக்கின்சன் ஒலிவாங்கியை எங்கள் பக்கம் நீட்டிவிட்டு அமைதியாக நின்றார். மார்கழி விடியலில் எங்கள் தாத்தா தெருவில் பஜனை நடத்துவார். அவர் ஓர் அடியை எடுத்துக்கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார், தெரு அதைத் திருப்பிச் சொல்லும். சரியாகப் பாட வராதவர்கள்தான் அதில் அதிகம். சேர்ந்து ஒலிக்கும்போது சுருதி தானாகக் கூடிவிடும் என்பார். பெங்களூரிலும் அதுவே நடந்தது. தனித்தனியாகப் பாடினால் எங்களில் பாதிப் பேருக்குச் சுருதி நிற்காது. அந்த ஆயிரமாயிரம் குரல்கள் சேர்ந்தபோது மெட்டு ஒரு பிசிறும் இல்லாமல் கிட்டாரோடு பொருந்தியது. என் நண்பன் அழுதுகொண்டே பாடினான். அவனைத் தேற்ற நான் முயலவில்லை, என் கண்ணும் நனைந்திருந்தது.

கச்சேரி முடிந்து விளக்குகள் எரிந்தபிறகும் யாருக்கும் போக மனமில்லை. வெளியே பல்லாரி சாலை நெடுகக் கறுப்புச் சட்டைகள் நடந்தன. எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது, சைகையில்தான் பேச்சு. அதே மாலையில் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பையின் இந்தியா – வங்கதேச ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியா 191 ரன்னுக்குச் சுருண்ட செய்தியை ஒரு தேநீர்க் கடையில் கேட்டோம். கிரிக்கெட்டுக்காக உயிரைக் கொடுக்கிற நாட்டில், அன்று அந்தச் சாலையில் நடந்த யாரும் அதற்காக நிற்கவில்லை.

அந்த உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். காத்திருப்பிலிருந்துதான் வருகிறது என்பது என் முடிவு. ஒரு புதிய குழுவின் கச்சேரிக்குப் போகிறவர்கள் ஆர்வத்தோடு போகிறார்கள். மூத்த குழுவின் கச்சேரிக்குப் போகிறவர்கள் தங்கள் ஆண்டுகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் கேட்ட பாட்டு, வேலை கிடைக்காத நாட்களில் கேட்ட பாட்டு, இறந்துபோன நண்பனோடு கேட்ட பாட்டு எல்லாம் அவர்களோடு மைதானத்துக்கு வருகின்றன. குழு எவ்வளவு தாமதமாக ஓர் ஊருக்கு வருகிறதோ, அவ்வளவு வலுவாக அந்த ஊர் பாடுகிறது. சிலி நாட்டின் சாந்தியாகோவில் 1992இல் நடக்கவிருந்த அயர்ன் மெய்டன் கச்சேரி கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பால் ரத்தானது. 2011 ஏப்ரலில் அதே ஊரின் தேசிய மைதானத்தில் நடந்த கச்சேரியைத்தான் குழு 'என் விவோ' என்ற பெயரில் வெளியிட்டது. தடுக்கப்பட்ட ஊரின் குரல் எவ்வளவு ஓங்கி ஒலிக்கும் என்பதை அதில் கேட்கலாம். அவர்களின் 2008 பயணத்தைப் பற்றிய 'ஃப்ளைட் 666' ஆவணப்படத்தில், கொலம்பியாவின் பொகோட்டாவில் கச்சேரி முடிந்து மெக்பிரைன் வீசிய டிரம்ஸ் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் அழுதுகொண்டு நிற்பார். ஒரு மரக்குச்சிக்காக அவர் அழவில்லை என்பது அவரைப் போலக் காத்திருந்த எங்களுக்குத் தெரியும்.

இந்த உற்சாகத்தைப் போற்றுகிறவர்கள் அதன் அபாயத்தையும் மறக்கக் கூடாது. 1988 ஆகஸ்ட் 20 அன்று இங்கிலாந்தின் டோனிங்டனில் அயர்ன் மெய்டன் தலைமையேற்ற 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பகலில் கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்தபோது நெரிசலில் சிக்கி இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபரில் குர்கானில் மெட்டாலிகா கச்சேரி ரத்தானபோது, ஏமாந்த கூட்டம் மேடையையே உடைத்தது. இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரில் வாசித்தது, அங்கே கூட்டம் ஆடிப் பாடிக் கலைந்தது. ஆர்வம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வேலி உறுதியாக இருக்கிறதா, வெளியேற வழி இருக்கிறதா, சரியான நேரத்தில் உண்மையான தகவல் சொல்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 2007இல் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பையன் மயங்கிச் சரிந்தான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் ஆடுவதை நிறுத்தி, கைகோத்து வட்டம் கட்டி, தலைக்கு மேலே தூக்கி வேலிக்கு அப்பால் சேர்த்துவிட்டு வந்தபிறகுதான் மீண்டும் பாடினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருந்த இன்னொரு பாடம் அது. அந்தப் பையனைத் தூக்கிய கைகளை நினைக்காமல் என்னால் அன்றைய இசையை நினைக்க முடிவதில்லை.

அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரி 1 அன்று, அயர்ன் மெய்டனின் உலகப் பயணம் மும்பையில்தான் தொடங்கியது. 'எட் ஃபோர்ஸ் ஒன்' என்று பெயரிட்ட போயிங் 757 விமானத்தில், டிக்கின்சனே விமானியாக இருந்து குழுவையும் கருவிகளையும் கொண்டுவந்தார். நான் போகவில்லை, என் நண்பன் போனான். அந்தப் பயணத்தின் இசைத்தட்டு 2009இல் வந்தபோது ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் ஊரில் பதிவானதாக இருந்தது. முதல் பாட்டான 'ஏசஸ் ஹை' மும்பையில் பதிவானது. ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். லாங் பீச், ரியோ என்று மற்ற ஊர்களின் குரலைக் கேட்டே வளர்ந்த நான், முதல்முறையாக எங்கள் குரலைக் கேட்டேன். உலகில் எங்கோ ஒரு சின்ன ஊரில், சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு பையனோ பெண்ணோ அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது.

குழுவினருக்கும் வயதாகிறது. டிக்கின்சன் 2015இல் நாக்கில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு வந்து பாடினார். 2023இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட மெக்பிரைன் சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில் சாவோ பாலோவில் வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். 2025இல் ஐம்பதாம் ஆண்டுப் பயணம் தொடங்கியபோது, கச்சேரியில் கைபேசிகளைக் கீழே வைக்கும்படி குழு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். படம் பிடிக்கிற கை பாட்டுக்கு உயராது, திரையைப் பார்க்கிற கண் பக்கத்தில் மயங்கி விழுகிறவரைப் பார்க்காது. இந்தக் கச்சேரிகளில் ரசிகருக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ய இரண்டு கைகளும் தொண்டையும் வேண்டும்.

சென்னைக்கு அயர்ன் மெய்டன் இதுவரை வந்ததில்லை. எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிற அந்த மனிதர்கள் ஒருநாள் தீவுத்திடலில் மேடையேற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அவர்கள் மெட்டை எடுத்துக்கொடுத்தால் போதும். பாடுவதற்கு இங்கே ஆள் இருக்கிறது.